வீடு கட்ட வன்னிக்குப் புறப்பட்டோம்

வன்னியில் வீடே இல்லாதவர்களைக் காட்டிலும், வீடு பாதியில் நின்றுபோனவர்களைத்தான் நான் கூடுதலாகச் சந்திக்கிறேன். ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஏதாவதொரு கிறவல் பாதையில் நடந்து பாருங்கள். ஜன்னல் மட்டத்தில் நின்ற சுவர் ஒன்று, லிண்டல் வரை எழும்பிப் பாசி பிடித்த சுவர் ஒன்று, கூரை ஏறியும் கதவு இல்லாமல் உரச்சாக்குத் தொங்கும் வாசல் ஒன்று என்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே தகரமும் தறப்பாளும் கொண்டு அடித்த ஒரு கொட்டில். குடும்பம் அந்தக் கொட்டிலுக்குள்தான் இருக்கும். கட்டிய சுவருக்குள் ஆடு நிற்கும்.

ஏன் முடிக்கவில்லை என்று கேட்டால் ஊரில் உடனே விடை வரும். "காசை வேறை செலவுக்கு எடுத்துப்போட்டாள்", "கட்டுமட்டு இல்லாமல் செலவழிச்சவள்" என்பார்கள். அந்த வீட்டில் ஆண் துணை இல்லையென்றால் இந்தப் பேச்சு இன்னும் கூடும். ஆனால் பேனையை எடுத்துக் கணக்குப் பார்த்தால் விடயம் வேறாக இருக்கிறது.

2012ஆம் ஆண்டு ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. வேலை முன்னேற முன்னேற, நான்கு கட்டங்களாக, பயனாளியின் வங்கிக் கணக்குக்கே பணம் வரும். வீட்டை அவரே நின்று கட்டவேண்டும். இடையில் ஒப்பந்தகாரர் இல்லை, தரகு இல்லை. வடக்கு கிழக்கில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் தறப்பாளை விட்டு வெளியே வந்தன. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பின்னர் வந்த வேறு திட்டங்களும் பெரும்பாலும் இதே முறையைப் பின்பற்றின. ஆனால் அத்திவாரம் முடிந்தால்தான் அடுத்த காசு என்னும்போது, அந்த அத்திவாரத்தைக் கிண்டுவது யார்? அப்பா, அண்ணன், மச்சான், பெரியப்பாவின் மகன் என்று நாலு ஆண்கள் உள்ள குடும்பத்தில் அவர்களே கிண்டுவார்கள், கல் இறக்குவார்கள், மணல் அரிப்பார்கள், இரவில் சீமெந்துக்குக் காவல் கிடப்பார்கள். அந்த உழைப்பு எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் எழுதப்படுவதில்லை. தனியே நிற்கும் பெண் அத்தனைக்கும் கூலி கொடுக்கிறாள். ஆகவே ஒரு குடும்பத்துக்குக் கூரை வரை போதுமான காசு, இன்னொரு குடும்பத்துக்கு லிண்டலோடு முடிந்துபோகிறது. அதற்கு மேல் நகை அடகு, நுண்கடன், கிழமைக் கட்டுக்காசு. இயலாத குடும்பங்களுக்கு உதவி நிறுவனங்கள் பக்கத்தில் நின்று கட்டிக்கொடுத்த இடங்களும் உண்டு. எல்லா இடத்திலும் அது நடக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் 'உழைப்பின் பால்நிலைப் பிரிவு' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். சீமெந்து மூடை கணக்கில் வரும், அதைச் சுமக்கும் தோள் கணக்கில் வராது என்பதுதான் அதன் பொருள் என்று வேலைக்கு வந்தபிறகு, இந்தச் சுவர்களின் முன்னால் நின்றபோதுதான் விளங்கியது.

2018, 2019ஆம் ஆண்டுகளில் தொடங்கிய வேறு சில வீட்டுத்திட்டங்களில் கட்டுப்பணம் இடையில் நின்றது. கட்டத் தொடங்கியவர்கள் கடனோடு நின்றார்கள். பிறகு 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. 2021இல் ஏறத்தாழ 1,000 ரூபாவுக்கு வாங்கிய 50 கிலோ சீமெந்து மூடை 3,000 ரூபாவையும் தாண்டியது. அதோடு பலர் கட்டுவதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2024 ஆனி மாதம் நாங்கள் பதினான்கு பேர் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள ஒரு குடியிருப்புக்குப் புறப்பட்டோம். சரியாகச் சொன்னால், ஒரு வீட்டின் நின்றுபோன வேலைக்குக் கை கொடுக்க. ஒன்பது பேர் பெண்கள்.

இப்படிப் புறப்படுவது நம்முடைய நாட்டில் புதிதல்ல. 1958ஆம் ஆண்டு ஏ.ரி. ஆரியரத்ன தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு கனதொளுவ என்ற கிராமத்துக்குப் போனதிலிருந்து சர்வோதயத்தின் சிரமதானம் வளர்ந்தது. 1970களில் வவுனியாவை மையமாகக் கொண்டு கட்டிடக்கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம், 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களை இதே வன்னிக் காட்டோரங்களில் குடியமர்த்தியது. அதற்கும் முன்னர், கிடுகால் வீடு வேயும் நாளில் அயலட்டை கூடிவந்து வேய்வதும், வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் சாப்பாடு போடுவதும் எங்கள் ஊர்களில் வழமைதானே. ஓட்டு வீடு வந்தபோது அந்த வழமை போயிற்று. ஒவ்வொருவரும் இடம்பெயர்ந்து வெவ்வேறு ஊர்களில் விழுந்தபோது அயலட்டையே போயிற்று.

நாங்கள் போன வீட்டுக்கார அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு பெண்பிள்ளைகள். கணவர் 2009ஆம் ஆண்டு வைகாசியில் காணாமல் ஆக்கப்பட்டவர். இந்தக் காணியின் அனுமதிப்பத்திரம், நாங்கள் 'பேர்மிற்' என்று சொல்கிறோமே, அது கணவர் பெயரில்தான் இருந்தது. எங்கே போனாலும் "மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்ற வார்த்தைதான். அவர் எடுக்க மறுத்துவிட்டார். "நான் காணாத சாவுக்கு என்னெண்டு கையெழுத்து வைக்கிறது தங்கச்சி?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். 2016ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு, இறந்துவிட்டார் என்று சொல்லாமலே, ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் அத்தாட்சிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற வழி வந்தது. வாசிக்கிற சகோதரிகளில் இதே நிலையில் உள்ளவர்கள் இதைக் கவனியுங்கள். மரணச் சான்றிதழ் ஒன்றுதான் வழி என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பி வரவேண்டியதில்லை. அக்கா அந்தச் சான்றிதழைக் கொண்டுதான் தன் கடதாசி வேலைகளை நகர்த்தினார். அதற்கே வருடங்கள் போயின.

காணிச் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் பெயரிடப்படாவிட்டால் மகள்மாருக்கு முன் மகன்மார், சகோதரிகளுக்கு முன் சகோதரர்கள் என்ற ஒழுங்குதான் நெடுங்காலம் இருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஆண்-பெண் வேற்றுமையை நீக்கியது. உங்கள் பேர்மிற்றில் பின்னுரித்து யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சுவர் எழும்பியபின் பார்ப்பதைவிட முதலே பார்ப்பது நல்லது.

புறப்படுவதற்கு முன்னரான இரண்டு கிழமையும் ஆயத்தத்திலேயே போயிற்று. என்ன வேலை செய்யப்போகிறோம் என்பதை நாங்கள் தீர்மானிக்கவில்லை. அங்குள்ள மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் அக்காவையும் வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம். நான் கூரையைத்தான் முதலில் எழுதினேன். அக்கா மறித்து, "முதல் கதவு" என்றார். எங்களோடு வந்த மன்னார்ச் சகோதரி உடனே தலையாட்டினார். அவருடைய குடும்பம் 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது புத்தளத்துக்குப் போனது. அவர் பிறந்ததே அங்கே ஓலைக் கொட்டிலில். "மழை வந்தா ஒரு மூலையில ஒதுங்கலாம். பூட்டில்லாத வீட்டில உம்மா இரவில கண் மூடமாட்டா" என்றார். இரண்டு குமர்ப்பிள்ளைகளோடு காட்டோரத்தில் இருக்கிற ஒரு பெண்ணுக்குக் கதவு என்றால் என்ன என்பதை அதற்குமேல் விளக்கத் தேவையிருக்கவில்லை. லிண்டலுக்கு மேல் ஐந்து வரிசைக் கல், உள்ளே நிலத்துக்குக் கிறவல் நிரப்பி இடித்தல், மலசலகூடக் குழி, இரண்டு கதவு நிலை. இதுதான் ஐந்து நாள் வேலை. ஓடு மாரிக்கு முன் இன்னொரு பயணத்தில்.

காட்டுக்குள் இருந்துகொண்டு கதவுக்கு மரம் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் அறிந்தேன். முல்லைத்தீவு மாவட்டத்தின் பாதிக்குமேல் காடு. ஆனால் ஒரு மரம் தறிக்க, ஏற்ற, அரிய எல்லாவற்றுக்கும் அனுமதி வேண்டும். அது நியாயமும்தான். இல்லாவிட்டால் காடு மிஞ்சாது. மணலுக்கும் அப்படியே. கடைசியில் வன்னிக் காட்டோரத்து வீட்டுக்கு நிலையும் கதவும் யாழ்ப்பாணத்து மரக்காலையில் செய்வித்து, லொறியில் வன்னிக்குக் கொண்டுபோனோம்.

பெண்கள் தொண்டர் வேலைக்குப் புறப்படும்போது ஒரு கேள்வியை வெட்கப்படாமல் முதலே கேட்கவேண்டும். மலசலகூடம் எங்கே? நாங்கள் போகிற வீட்டில் அது இல்லை என்பதால்தானே குழி வெட்டப் போகிறோம்! சங்கத்தின் கட்டடத்தில் ஒன்று இருந்தது. அதனால் இரவுத் தங்கலையும் அங்கேயே வைத்தோம். மாதவிலக்குத் துணி, அதைக் கழுவத் தண்ணீர், காயப்போட மறைப்பு எல்லாம் ஆயத்தத்தில் சேர்த்திதான். முழுக்கைச் சட்டை, தொப்பி, மூடிய சப்பாத்து, 'ஜீவனி' பக்கற்றுகள், ரோச் லைற், ஆளுக்கொரு தட்டு. அரிசி, பருப்பு, மா, தேங்காய் எல்லாம் நாங்களே கொண்டுபோனோம். எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட வசதியாகச் சமையல் முழுக்க மரக்கறி.

காலை ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வான் வெளிக்கிட்டது. கொடிகாமம் தாண்ட வெளித்தது. முகமாலையில் பாதையோரத்துப் பனைகள் இன்றைக்கும் தலை இல்லாமல் நிற்கின்றன. அந்த வெளியில் கண்ணிவெடி அகற்றும் வேலை 2024இலும் முடிந்திருக்கவில்லை. முகக்கவசமும் கனத்த மேலங்கியும் போட்டுக்கொண்டு முழந்தாளில் இருந்து அங்குலம் அங்குலமாக நிலத்தைக் கிளறும் அந்த வேலையில் எத்தனை பெண்கள்! கணவனை இழந்தவர்கள், ஒற்றைச் சம்பளத்தில் குடும்பம் பார்க்கிறவர்கள். மண்வெட்டி பிடிப்பது பெண்ணுக்கு முடியாத வேலை என்று இனி யாரும் என்னோடு கதைக்க வரவேண்டாம்.

ஆனையிறவில் சோளகக் காற்று வானை ஒரு பக்கம் தள்ளியது. உப்பளப் பாத்திகள் வெள்ளையாகக் கிடந்தன. பரந்தன், கிளிநொச்சி கடந்து முறிகண்டியில் நிறுத்தாமல் எந்தச் சாரதியும் போகமாட்டார். எங்களுடையவரும் நிறுத்தினார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினோம். மன்னார்ச் சகோதரி எங்களுக்கெல்லாம் சேர்த்துக் கச்சான் வாங்கினார். கச்சான் விற்கும் பெண்கள் பலருக்கும் இதுதான் குடும்ப வருமானம். ஒரு சுண்டு கூடுதலாகவே வாங்குங்கள்.

இதே வீதி 2006 ஆவணியில் மூடப்பட்டது. அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் சீனிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலம். யுத்தம் முடிந்து வீதி திறந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வன்னியைப் பார்க்க வந்தார்கள். உடைந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பார்க்கப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் வெளியாட்கள் வானில் வந்து இறங்கினால் வன்னிச் சனத்துக்கு முதலில் வரும் நினைப்பு அதுதான் என்பதை, புறப்படுகிறவர்கள் தெரிந்திருக்கவேண்டும். எங்கள் குழுவில் ஒரு விதி இருந்தது. வீட்டுக்காரர் கேட்டாலொழியப் படம் எடுப்பதில்லை. ஒரேமாதிரிச் சட்டையும் இல்லை, பதாகையும் இல்லை.

மாங்குளம் சந்தியில் மட்டக்களப்பிலிருந்து வந்த நாலு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். இரவு முழுவதும் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் முல்லைத்தீவு வீதி. திரும்பிச் சற்று நேரத்திலேயே ஏ9 வீதியின் கடைத்தெருக்கள் மறைந்து, இரண்டு பக்கமும் காடு வந்து நெருங்கிவிடுகிறது. பாலை, வீரை, முதிரை, உலுவிந்தை. பாலைப்பழக் காலமாகையால் சிறு பெண்பிள்ளைகள் பேணியில் மஞ்சள் மஞ்சளாக அள்ளி வைத்துக்கொண்டு வீதியோரம் நின்றார்கள். பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ள, வானுக்குள் ஒருவரும் கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை!

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் தேத்தண்ணி குடித்தோம். அங்கிருந்து கிட்டத்தான் கற்சிலைமடு. 1803 ஒக்ரோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் பண்டார வன்னியனைத் தோற்கடித்ததைச் சொல்லும் நினைவுக்கல் நாட்டப்பட்ட இடம். பாடப்புத்தகத்தில் அவனைப் பற்றி எல்லாரும் படித்தோம். ஒல்லாந்தர் காலத்துக் குறிப்புகளில் வன்னிச்சிமாரும் வருகிறார்கள், பெண்களும் இந்தக் காட்டை ஆண்டிருக்கிறார்கள் என்பதை எங்களுக்கு எந்த ரீச்சரும் சொல்லித்தரவில்லை.

அதற்குப் பிறகு தார் வீதி இல்லை. வானை விட்டுச் சாமான்களை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி நாங்கள் பின்னால் நடந்தோம். செம்மண் புழுதி முழங்கால் வரை. இரண்டு இடத்தில் பாதை நடுவே புதிய யானை லத்தி கிடந்தது. கூட்டிக்கொண்டு போன சங்கத் தலைவி, "பாதையை விட்டு இறங்காதையுங்கோ பிள்ளையள். காடு எண்டா யானைக்குப் பயம், பற்றை எண்டா எங்களுக்கு இப்பவும் மற்றதுக்குப் பயம்" என்றார். மற்றது என்னவென்று யாரும் கேட்கவில்லை.

அக்கா படலையடியில் நின்றார். வெறும் தேத்தண்ணியும் பனங்கட்டியும் தந்தார். கொட்டிலுக்குள் ஒரு தறப்பாள் துண்டு மடித்து வைத்திருந்தார். மெனிக் முகாமிலிருந்து கொண்டுவந்ததாம். அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டு, கடைசிக் குடும்பங்களும் வெளியேற்றப்பட்டன. "இதை எறிய மனம் வரேல்லை. ஓடு ஏறட்டும், பிறகு பாப்பம்" என்றார். வேறு வசதியான இடத்தில் காணி தரலாம் என்று ஒருமுறை கேட்டபோதும் அவர் மறுத்திருக்கிறார். "அவர் வந்தால் இஞ்சைதானே வந்து தேடுவார்."

வேலை அன்று மத்தியானமே தொடங்கிவிட்டது. மேசனுக்கு நாளுக்கு 4,000 ரூபாவும் கையாளுக்கு 2,500 ரூபாவும் பேசியிருந்தோம். தொண்டர் வேலை என்பதற்காகக் கூலித் தொழிலாளியின் கூலியைக் குறைக்கக் கூடாது. கல் கட்டுவது அவர்களுடைய வேலை. சுமப்பது, குழைப்பது, அரிப்பது, இடிப்பது எங்களுடையது. முதல் நாள் மேசன் அண்ணைக்கு எங்களில் நம்பிக்கையே இருக்கவில்லை. "பிள்ளையள் நிழலிலை இருங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் பத்து மணிக்கு, "கலவை எங்கை, கெதியாக் கொண்டா!" என்று எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அங்கே நான் படித்தவற்றில் சில, வீடு கட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. கல் கட்டும் கலவைக்கு ஒரு தாச்சி சீமெந்துக்கு ஐந்து தாச்சி மணல். லிண்டல், பீம் போன்றவற்றுக்குக் கொங்கிறீற் போடும்போது ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு சல்லி. இதை நீங்கள் பக்கத்தில் நின்று தாச்சிக் கணக்காக எண்ணினால், ஒரு மூடை சீமெந்தும் வேறு வளவுக்கு நடந்து போகாது. குழைத்த கொங்கிறீற்றில் தண்ணீரைக் கூட்டினால் பரவுவது சுகம், ஆனால் பலம் போய்விடும். போட்டபின் குறைந்தது ஏழு நாளாவது சாக்குப் போட்டு நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கும் ஆனி, ஆடியில் இதுதான் பெரிய வேலை. அந்த வேலை எப்போதும் வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. சமமட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். தெளிவான நீண்ட குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு நுனியையும் இரண்டு மூலைச் சுவரில் பிடித்தால், தண்ணீர் நிற்கிற இடம்தான் மட்டம்.

மலசலகூடத்துக்கு மூலை மட்டம் எடுக்க அக்காவின் இளையவள் கயிறு பிடித்தாள். ஒரு பக்கம் மூன்றடியில் முளை, மற்றப் பக்கம் நாலடியில் முளை, இரண்டுக்கும் இடையே சரியாக ஐந்தடி வந்தால் மூலை நேர். "இது பைதகரஸ் அல்லோ!" என்று அவள் துள்ளினாள். சாதாரணதரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பிள்ளை. குழியைக் கிணற்றிலிருந்து ஐம்பதடியாவது தள்ளி வெட்டவேண்டும் என்பதால், அவளே அடி எண்ணி நடந்து இடம் குறித்தாள். குழியில் மூன்றடிக்குக் கீழே கிறவல் கல்லாகிவிட்டது. அலவாங்கு பட்டுத் தெறிக்கும். ஒன்றரை நாள் எடுத்தது. எல்லாருடைய உள்ளங்கையிலும் கொப்புளம்.

மூன்றாம் நாள் நிலை வைப்பதாக இருந்தது. வீடு கட்டும்போது வாசல் நிலை வைப்பது எங்கள் சனத்துக்குச் சுபகாரியம். நல்லநேரம் பார்த்து, மாவிலை கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, நிலைக்குக் கீழே ஒரு காசு வைப்பார்கள். மேசன் அண்ணை தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். அக்காவைத் தாண்டி எங்கள் குழுவில் கழுத்தில் தாலி உள்ள ஒரு பெண்ணை நோக்கி, "பிள்ளை, நீங்கள் ஒருக்கா வந்து பொட்டு வைச்சு விடுங்கோவன்" என்றார். கெட்ட எண்ணத்தில் அல்ல. அவருக்குத் தெரிந்த முறை அதுதான். ஊர்ச் சனமும் அப்படித்தான் நினைத்திருக்கும். கூப்பிடப்பட்ட பெண் அசையவில்லை. ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அக்கா கொட்டிலுக்குள் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவி, நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். "அண்ணை, உந்தத் தட்டத்தைத் தாங்கோ. என்ரை வீட்டு நிலைக்கு நான்தான் வைப்பன்" என்றார். சத்தமில்லை, கோபமில்லை. மேசன் அண்ணை ஒரு கணம் நின்றார். பிறகு தட்டத்தைக் கொடுத்துவிட்டுத் தலையிலிருந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அக்கா குங்குமம் வைத்தார். முடிச்சிலிருந்து ஒரு பத்து ரூபாக் குத்தி எடுத்து நிலைக்கு அடியில் வைத்தார். மூத்தவள் தேங்காய் உடைத்தாள். மேசன் அண்ணை தூக்குக்குண்டைப் பிடித்து, "நேர்" என்றார்.

இந்த விடயத்தில் என்னுடைய அபிப்பிராயத்தை ஒளிக்க விரும்பவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவியைச் சட்டம் ஒரு பக்கம் 'விதவை என்று எழுதித் தா' என்கிறது. ஊர் அதைக் கேட்காமலே விதவை என்று வைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் தன் வாசலுக்குத் தானே பொட்டு வைக்க இவ்வளவு வருடம் காத்திருக்கவேண்டி இருக்கிறது. வீட்டுத்திட்டப் படிவங்களில் இதற்கும் நிரல் இல்லை.

மற்ற இரண்டு நாளைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. சுமந்தோம், இடித்தோம், கல்வரிசை ஏறியது. ஒரு இரவு குளத்துப் பக்கமிருந்து யானை வெடிச் சத்தம் கேட்டு எல்லாரும் எழும்பி இருந்தோம். மட்டக்களப்புத் தம்பி ஒருவருக்கு மட்டத்தேள் கடித்து ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். ஐந்தாம் நாள் பின்னேரம் முன்கதவும் பின்கதவும் பூட்டுப் போட்டு நின்றன. மேலே கூரை இல்லை, வானம்தான். ஆனாலும் அக்கா இரண்டு பிள்ளைகளையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தித் திறப்பைத் திருப்பிப் பார்த்தார். திறந்தார். மறுபடி சாத்தினார். பிள்ளைகள் உள்ளேயிருந்து சிரிக்கிற சத்தம் சுவருக்கு மேலால் வந்தது.

2024 புரட்டாதியில் ஒன்பது பேர் மறுபடியும் போனோம். பனஞ்சிலாகை அடித்து ஓடு ஏற்ற நாலு நாள் எடுத்தது. மாரி பிந்தி வந்தது எங்களுடைய அதிர்ஷ்டம். பழைய தறப்பாளை அக்கா எறியவில்லை. விறகுக்கு மேலே மூடியிருந்தார். உள் அறைகளுக்கு இன்னும் கதவு இல்லை, சீலைதான் தொங்குகிறது. பூச்சும் இல்லை.

அதே ஒழுங்கையில் மூன்று வளவு தள்ளி இன்னொரு வீடு ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது. அங்கே ஒரு அம்மம்மாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும். சங்கத் தலைவி அதைக் காட்டி, எங்களிடம் அல்ல, அக்காவிடம்தான் கேட்டார்: "எத்தினை தாச்சி மணல் எண்டனி?"

"ஒண்டுக்கு அஞ்சு" என்றார் அக்கா.